ஒன்றரை கட்டைக்கு இறங்கிய குரல்

என் கணவருக்கு அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் வேலை என்றதும், மயிலாடுதுறையில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் "நியூயார்க்குக்குப் பக்கமா?" என்றுதான் கேட்டார்கள். கோடி வீட்டுத் தமிழாசிரியர் மட்டும் "அட, ஆராதனை நடக்கிற ஊராச்சே!" என்றார். 1978-இல் மிருதங்க வித்வான் ராம்நாடு ராகவனும் அங்கிருந்த சில குடும்பங்களும் சேர்ந்து சிறிதாகத் தொடங்கிய தியாகராஜ ஆராதனை அது. இப்போது ஈஸ்டரை ஒட்டிப் பல நாட்கள் நடக்கிறது. மார்கழி சீசனில் சென்னையில் பாடுகிற வித்வான்கள் பலர் ஏரிக்கரைக் குளிரில் வந்து இறங்குகிறார்கள். திருவையாறு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். அங்கே தை மாதத்தையொட்டி நடக்கும் ஆராதனைக்கே நான் போனதில்லை. எனக்குத் தெரிந்த சங்கீதம் மாயூரநாதர் கோயில் நாகஸ்வரமும், அப்பாவின் ரேடியோவும்தான்.

நாங்கள் வந்து சேர்ந்தது ஜனவரியில். ஆராதனையை விடுங்கள், தெருவில் ஆளையே பார்க்க முடியவில்லை. ஈரி ஏரியின் மேல் வீசும் குளிர்காற்று தண்ணீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். அதிலும் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் மேற்கைவிட அதிகமாகக் கொட்டும். வீடு பார்த்துக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை, நாங்கள் கிழக்கில் போய் மாட்டிக்கொண்டோம். கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். என்னுடையது கணவரின் வேலை விசாவை ஒட்டிய ஹெச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. பஸ் நிறுத்தம் தொலைவு, நடக்கலாமென்றால் நடைபாதை பனிக்கு அடியில். ஹீட்டர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா போனில் "என்ன சமைச்சே?" என்று கேட்பார். அதற்கு மட்டும்தான் என்னிடம் விரிவான பதில் இருந்தது.

பக்கத்து வீட்டில் தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்பது விடியற்காலை ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. பொதுச் சுவர். அந்தப் பக்கம் யாரோ ஒரு பையன் சரளி வரிசையை மூன்று காலத்தில் சாதகம் செய்கிறான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று தகரத்தைக் கீறினாற்போல் குரல் பிசிறும். ஒரு நிமிடம் அமைதி. மறுபடி முதலிலிருந்து. அந்த வாரமே அவன் அம்மா கதவைத் தட்டினார். "தூக்கத்தைக் கெடுக்கிறானா? மன்னிச்சுக்கோம்மா, இந்த நேரம் விட்டா டீச்சர் கிடைக்க மாட்டாங்க." நான் உள்ளே வரச் சொல்லி காபி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. இந்தியக் கடைக்கும் பக்கத்து ஊரான பார்மாவில் இருக்கிற கோயிலுக்கும் அவர் காரில்தான் போய்வந்தேன்.

பையனுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. பிறந்தது இங்கேதான். டீச்சர் சென்னையில், வகுப்பு கணினியில். குளிர்காலத்தில் இங்கே காலை ஆறு என்றால் அங்கே மாலை நாலரை. மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும், இந்தியா தள்ளாது. அதே நாலரை மணி இங்கே ஏழாகிவிடும், ஸ்கூல் பஸ் வந்து நிற்கும். அதனால் மார்ச் முதல் டீச்சர் மூன்றரைக்கே உட்கார வேண்டும். "என் மத்தியானத் தூக்கம் போச்சு" என்று வருஷா வருஷம் சொல்வாராம்.

ஒருநாள் அக்கா வீட்டில் அந்த வகுப்பைப் பார்த்தேன். குரல் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாவதால் இரண்டு பேரும் சேர்ந்து பாட முடியாது. டீச்சர் ஒரு சங்கதியைப் பாடி நிறுத்துவார், இவன் வாங்கிப் பாடுவான். அவர் தாளம் போட்டால் இவனுக்குப் பொருந்தாது. அதனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு இவனுடைய கையைத் திரையில் பார்ப்பார். இவன் குரலும் கையும் ஒன்றாகத்தானே போய்ச் சேர்கின்றன, தொடை தட்டுவது பிசகினால் உடனே பிடித்துவிடுவார். இப்படித்தான் அவன் 'விரிபோணி' வர்ணம் வரைக்கும் வந்திருக்கிறான். பைரவி ராகம், பதினான்கு அட்சர அட தாளம். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளே திணறுகிற உருப்படி.

குரல் பிசிறியதற்குக் காரணம் மகரக்கட்டு, பருவ வயதில் ஆண்குரல் உடைவது. பத்து வயதில் ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருந்தவனாம், உள்ளூர்ப் போட்டிகளில் பரிசெல்லாம் வாங்கியவன். பதின்மூன்றில் குரல் உடைந்தது. டீச்சர் மெதுவாக இறக்கிக்கொண்டு வந்து ஒன்றரை கட்டையில் நிறுத்தினார். சுருதி மாறினால் எல்லாம் மாறும். உள்ளூரில் அவனுக்கு வாசித்துக்கொண்டிருந்த பையனிடம் இருந்தது உச்ச சுருதிக்கான சின்ன மிருதங்கம். இனி தக்கு சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி வாத்தியம் உள்ள ஆளைத் தேட வேண்டும். பழைய பதிவுகளை அக்கா போட்டுக் காட்டுவார், அவன் எழுந்து போய்விடுவான். "அது யாரோ, ஆன்ட்டி" என்றான் என்னிடம் ஒருமுறை. சாதாரணமாகத்தான் சொன்னான், சிப்ஸ் தின்றுகொண்டே.

புதிய சுருதியில் முதல் முழுக் கச்சேரி நவம்பரில் என்று முடிவாயிற்று. நடுவில் நிரவல் செய்ய, அதாவது ஒரே வரியை விதவிதமாகப் பாட, 'சபாபதிக்கு வேறு தெய்வம்', ஆபோகி ராகம், கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டு. கோடை விடுமுறையில் என்னிடம் வந்து உட்கார்ந்தான். டீச்சர் அவனைப் பாட்டில் வரும் ஊர்ப் பக்கத்துக்காரர் யாரிடமாவது கேட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். நல்லவேளை, கேட்டது ராகத்தைப் பற்றி இல்லை, தில்லையை, அதாவது சிதம்பரத்தைப் பற்றி.

அதற்கு என்னிடம் சரக்கு இருந்தது. மயிலாடுதுறையில் சிதம்பரம் ரயில் ஏறினால் நீடூர், அடுத்து ஆனந்ததாண்டவபுரம், அப்புறம் வைத்தீஸ்வரன்கோயில், சீர்காழி, கொள்ளிடம். பாரதியார் இருந்தது இதில் இரண்டாவதாகச் சொன்ன ஊரில். என் பெரியம்மா வீட்டுக்குப் போக நான் இறங்குகிற ஸ்டேஷன். பிளாட்பாரம் முழுக்க வேப்பம்பழம் கிடக்கும், எக்ஸ்பிரஸ் நிற்காது. அப்போது மாயூரம் என்று பெயர் கொண்டிருந்த எங்கள் ஊரில் உ.வே. சாமிநாதையர் அவரிடம் கொஞ்ச நாள் பாட்டுக் கற்றுக்கொண்டார். அது அவருடைய தமிழ் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, சங்கீதத்தில் போனால் இலக்கியத்தில் மனம் நிற்காது என்று. அதே பிள்ளையிடம்தான் பாரதியார் தன் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முகப்புப் பாட்டு, கேட்டு நடையாக நடந்தார் என்பார்கள். தமிழில் இலக்கணப் பிழை என்று பிள்ளை தட்டிக்கழித்துக்கொண்டே இருக்க, ஒருநாள் திண்ணையில் காத்திருந்தவர் தன்பாட்டுக்குப் பாட, உள்ளே இருந்தவர் உருகி எழுதிக் கொடுத்துவிட்டாராம். பையனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "பிழை இருந்தாலும் கொடுத்துட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவனுடைய தமிழுக்கு அது பெரிய ஆறுதல். போன் வரைபடத்தில் ரயில் பாதையை விரலால் தேய்த்துக்கொண்டே போய், சிதம்பரம் கோயில் கோபுரங்கள் நான்கையும் மேலேயிருந்து பார்த்தான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது, அவன் "கூல்" என்றான்.

அந்தக் கோடையில்தான் நான் கார் ஓட்டக் கற்றேன். எங்கள் மாநிலமான ஒஹையோவில் லைசென்ஸ் வாங்க, சாலையில் ஓட்டிக் காட்டுவது போதாது. ஒன்பது அடி அகலம், இருபது அடி நீளத்துக்கு நாலு கூம்பு நட்டு, முன்னால் ஐந்தாவதாக ஒன்று வைப்பார்கள். அதற்கு இடமோ வலமோ ஒதுங்கி முன்னால் போய், அதே வழியில் பின்னாலேயே வந்து நிற்க வேண்டும். எங்களிடம் கூம்பு இல்லை. பார்க்கிங்கில் கணவர் குளியலறை வாளிகளை வைத்தார், ஒன்று அக்கா வீட்டு இட்லிக் குண்டான். லைசென்ஸ் கையில் வந்ததும் ஊரே கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

கச்சேரி கோயில் அரங்கில், சனிக்கிழமை நான்கு மணிக்கு. இங்கே எல்லாம் நான்கு மணிதான். இருட்டுமுன் முடித்து, சாப்பிட்டு, நெடுஞ்சாலையில் வீடு போய்ச் சேர வேண்டும். வாசலில் செருப்பு வைக்கும் அலமாரி முழுக்க பூட்ஸ். பின்வரிசையில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு. முன்வரிசையில், பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் தாத்தா பாட்டிகள். உண்மையான ரசிகர்கள் அவர்கள்தான், இங்கே பிறந்தவர்கள் அவர்களைக் கண்டுதான் நடுங்குவார்கள். மேடையில் ஜமுக்காளம், பிளாஸ்க்கில் வெந்நீர், தம்பூராவுக்குப் பதில் சுருதிப் பெட்டி. பையன் பட்டு ஜிப்பாவில் ஒரே நாளில் வளர்ந்தவன் மாதிரி இருந்தான். மிருதங்கம் வாசித்தவர் பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் வந்திருந்தார்.

முதலில் ஹீட்டரால் தகராறு. அது ஒரு சுருதியில் ரீங்கரிக்கிறது, சுருதிப் பெட்டி இன்னொரு சுருதியில். அணைக்கச் சொன்னார்கள். அணைத்ததும் ஆளாளுக்குக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். காரில் வறண்டு முறுக்கேறி வந்த மிருதங்கத் தோல், ஆள் கூடக்கூட ஈரம் பட்டு இறங்கத் தொடங்கியது. வித்வான் பாட்டுக்குப் பாட்டு கல்லை எடுத்து விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

வர்ணத்தில் முதல் காலம் நிதானமாகத்தான் போனது. சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. மூன்று வருஷம் முன்னால் அவன் சிரித்துக்கொண்டே தொட்ட இடமாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். வயலின் வாசித்த பெண் சட்டென்று வில்லை அழுத்தி அந்தச் சங்கதியை முடித்து வைத்தாள். இவன் தாளத்தை விடவில்லை. கை ஒழுங்காக விழுந்துகொண்டே இருந்தது. டீச்சர் திரையில் பார்த்துப் பார்த்துத் திருத்திய கை.

ஆபோகி ஆலாபனையை மத்தியில் எடுத்து, மேலே போகாமல் கீழே இறங்கினான். பஞ்சமமும் நிஷாதமும் இல்லாத ராகம். மத்யமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே ஒரு தாண்டல் உண்டு, அதுதான் அதன் அழகு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மந்திர ஸ்தாயி எனும் கீழ் ஸ்தாயியின் தைவதத்தில் அவன் போய் நின்றபோது அந்தக் குரல் பதினாறு வயதுப் பையனுடையதாக இல்லை. மைக் அதைத் தரைவழியாக அனுப்பியது போல நாற்காலியில் உணர முடிந்தது. அங்கேயே நின்றான், சுற்றினான், மறுபடி வந்து நின்றான். அவசரமே இல்லை. முன்வரிசையில் ஒரு தாத்தா, வர்ணத்தின்போது உதட்டைப் பிதுக்கியவர், பக்கத்தவரிடம் மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார்: "மேல போகலைன்னா என்ன இப்போ? கீழதான் இவ்வளவு இடம் இருக்கே!"

நிரவல் அனுபல்லவியில், 'கிருபாநிதி இவரைப்போல' என்ற வரியில். ஒரே சொற்களைத் தாளத்தில் அதே இடங்களில் வைத்துக்கொண்டு, ராகத்தை மட்டும் ஒவ்வொரு சுற்றும் புதிதாகப் பாட வேண்டும். சொல் சிதைந்தால் போச்சு. அவன் ஒரு சொல்லையும் உடைக்கவில்லை. வீட்டில் 'தண்ணி'யை 'தன்னி' என்கிற பையன். ஆனந்ததாண்டவபுரத்துக்காரர் வரி ஈரி ஏரிக்கரையில் சுத்தமாக வந்தது. நான் ரூபக தாளத்தை என் முழங்காலில் போட்டுக்கொண்டிருப்பதை அக்கா பார்த்துச் சிரித்த பிறகுதான் கவனித்தேன்.

அதற்கப்புறம் காம்போஜியில் பெரிய கீர்த்தனை. அதை எழுதும் தகுதி எனக்கில்லை, ஏனென்றால் புளியோதரை சூடு பண்ண ஆள் வேண்டும் என்று சமையலறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இங்கே கச்சேரி கேட்பவர் என்று தனியாக யாரும் கிடையாது. முறுக்குத் தட்டு தூக்குகிறவரும் மைக் பிடிக்கிறவரும் பாத்திரம் தேய்க்கிறவரும் அவர்களேதான். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை அலுமினிய அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். கோர்வை முடிந்து கைதட்டல் எழுந்தபோது நாங்கள் மூன்று பெண்களும் கரண்டியை வைத்துவிட்டுத் தட்டினோம். அடுத்த ஆராதனைக்கும் என் பெயரைத் தயிர்சாதப் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். சம்மதம் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் ஞாயிறு, கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் நாள். டீச்சருக்கு மத்தியானத் தூக்கம் திரும்பக் கிடைத்தது. திங்கட்கிழமை அக்கா வந்தார். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு நீள்கிறது, பஸ் போய்விடுகிறது, "நீதான் எப்படியும் ஆறு மணிக்கு எழுந்திருக்கிறயே, பள்ளிக்கூடத்துல இறக்கி விடுறியா?" அவர் பிள்ளை பாடித்தானே எழுகிறேன் என்று சொல்லவில்லை. சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: டாஷ்போர்டில் தாளம் தட்டக்கூடாது. பனி விழுகிற சாலையில் எனக்கு ஏற்கெனவே கை நடுங்குகிறது. இப்போது அவன் முழங்காலில் தட்டுகிறான்.