சிமிழுக்குள் ஜாதிக்காய்

லண்டனில் ஓர் ஏல நிறுவனத்தில் வெள்ளிப் பொருட்களுக்குப் பட்டியல் எழுதும் வேலையில் சேர்ந்த புதிது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத, முட்டை வடிவச் சிமிழ் ஒன்று என் மேசைக்கு வந்தது. சிங்க முத்திரையும் நங்கூர முத்திரையும் இருந்தன. சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம். வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் அங்கே வந்ததே 1773இல்தான்; சிமிழ் அதற்குப் பிந்தையது. மூடிக்குள் துளை போட்ட தகடு. சரி, வினிகிரெட் என்று எழுதிவிட்டேன். வாசனைக் காடியில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, நாற்றம் தாங்காதபோது மூக்கருகே பிடித்துக்கொள்ளும் டப்பா அது.

பக்கத்து மேசைப் பெரியவர் திட்டவில்லை. “தகட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள்” என்றார்.

கீறிவிட்டது. வினிகிரெட்டின் சல்லடை பூவேலையும் பொன்முலாமுமாக வழவழவென்று இருக்கும். இதிலோ துளை விளிம்புகள் முள்முள்ளாக மேலே நின்றன, தகடும் எஃகு. வெள்ளி மெத்தென்ற உலோகம், உரசினால் தேய்ந்துபோகும். அடிமூடியையும் திறந்து முகர்ந்தேன். பாட்டி வீடு! பிள்ளைக்கு உரைமருந்து கொடுக்க உரைகல்லில் ஜாதிக்காய் இழைக்கும் அதே மணம். (இருநூறு வருட மணமா, போன கிறிஸ்துமஸுக்கு யாரோ துருவியதா, அது வேறு கதை.)

வினிகிரெட் அல்ல, ஜாதிக்காய்த் துருவி. பஞ்ச் என்ற மதுக்கலவை மேசைக்கு வந்ததும், அந்தக் காலத்துக் கனவான்கள் சட்டைப்பையிலிருந்து இதை எடுத்துத் தாங்களே ஜாதிக்காயைத் துருவிப் போட்டுக்கொள்வார்களாம். கொஞ்சம் ருசி, நிறைய பகட்டு. வெகுகாலம் அந்தக் காய் இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டும்தான் விளைந்தது. அவற்றில் ஒன்றான ருன் தீவை 1667இல் பிரேடா உடன்படிக்கையில் டச்சுக்காரரிடம் விட்டுவிட்டு, ஆங்கிலேயர் இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டனை வைத்துக்கொண்டார்கள். ஏலத் தொழிலில் இந்தக் கதைக்கு நல்ல மவுசு; சொன்னால் விலை ஏறும். 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு வந்திறங்கி, பாண்டா மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் அடிமைகளாக்கியும் துரத்தியும் தீவுகளைக் காலிசெய்ததைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. நான் ஒரு வரி சேர்த்தேன். அச்சுக்குப் போனபோது அது இல்லை.

அப்புறம் சிமிழ் பாலிஷுக்குப் போக வேண்டியிருந்தது. கீலின் இடுக்கில் பழுப்பாகக் கொஞ்சம் தூள் அடைந்திருந்தது. ‘உள்ளே தொட வேண்டாம்’ என்று ஒரு சீட்டெழுதிக் கட்டி அனுப்பினேன்.