அஞ்சாவது ஒக்கரினாதான் வாய் திறந்திச்சி

நாலு வீணாப்போச்சி. அஞ்சாவது நேற்று ஊதிச்சி, அந்தச் சந்தோசத்தில இத எழுதுறன்.

ஒக்கரினா எண்டா மண்ணால செய்யிற ஊதுகுழல், உள்ள கோறையான முட்டை மாதிரி இரிக்கும். 1853ல இத்தாலியில புத்ரியோ எண்ட ஊரில தொனாத்தி எண்ட 17 வயசுப் பொடியன்தான் இப்ப இரிக்கிற வடிவத்துக்குக் கொண்டு வந்ததாம். பேருக்கு அர்த்தம் குட்டி வாத்து. நான் செய்தது வாத்து மாதிரியில்ல, மாங்கொட்டை மாதிரி.

மண் மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் செங்கல்லறுக்கிற மாமாக்கிட்ட எடுத்தது. டெனிஸ் போலுக்கு மேல சொப்பிங் பேக்கைச் சுத்தி, மண்ணை ரெண்டு பாதியா அப்பி, இறுகினதும் கழட்டி, ஓரத்தைக் கீறி களிமண் கூழ் பூசி ஒட்டுறது. இதெல்லாம் சுகம். காத்து போற வழிதான் ஆளைக் கொன்டுட்டுது. ஐஸ்பழக் குச்சியைச் செருகி வாய்ப்பக்கத்தால ஒரு தட்டையான பாதை எடுக்கோணும், அது முடியிற இடத்தில சதுரமா ஒரு யன்னல், யன்னலுக்கு அங்கால கத்தி மாதிரிச் சரிவா ஒரு விளிம்பு, காத்து நேரா அந்த விளிம்பில பட்டு ரெண்டாப் பிரியோணும், ஒரு மயிரிழை மேல கீழ போனாலும் வெறும் புஸ்ஸெண்டு காத்துத்தான் வரும். முதல் ரெண்டும் அப்பிடித்தான். மூண்டாவது சத்தம் வந்திச்சி, ஆனா ஓட்டை போடக்குள்ள நசுங்கிட்டு. பிறகுதான் புத்தி வந்து, பாதைக்குள்ள டோர்ச் அடிச்சி விளிம்பு நடுவில தெரியிதா எண்டு பார்த்துப் பார்த்துச் சீவினன்.

ஓட்டை நாலே நாலு, நாலும் வேற வேற அளவு. ஜோன் டெயிலர் எண்ட இங்கிலாந்துக்காரர் 1960கள்ல கொண்டு வந்த முறை, மாத்தி மாத்தித் திறந்தா எட்டுச் சுரமும் வரும். புல்லாங்குழல்ல ஓட்டை எங்க இரிக்கெண்டது முக்கியம், இதில எவ்வளவு பெரிசெண்டதுதான் கணக்கு, இடம் உங்கட விரலுக்கு வசதியா இருந்தாக் காணும். சின்னதாத் துளைச்சி, சுரம் காட்டுற ட்யூனர் ஆப்பைப் பார்த்துப் பார்த்துப் பெரிசாக்கோணும்.

நாலாவதை நான் அவசரப்பட்டு ரெண்டு நாள் காய வச்சே அடுப்பில போட்டன். டப்பெண்டு வெடிச்சிச்சி. மாமாக்கிட்டச் சொன்னா சிரிக்கார், "மனே, உள்ளுக்க ஈரம் கிடந்தா ஆவியாகி வெடிக்காமப் பின்ன என்ன செய்யும், பத்து நாள் நிழல்ல போட்டுட்டு வா" எண்டார். அஞ்சாவதை அவர்தான் கல்லுச் சூளைக்குள்ள ஒரு மூலையில வச்சித் தந்தார்.

வெந்து வந்ததும் ஊதினா சத்தம் கணீரெண்டு இரிக்கி, சுரம்தான் பிழை. பச்சை மண்ணில எல்லா ஓட்டையும் பொத்தி 'ஜி' சுரத்துக்கு வச்சது, இப்ப அதுக்கு அரைச் சுரம் மேல இரிக்கிற 'ஜி ஷார்ப்'பையும் தாண்டி நிக்குது. காய்ஞ்சி வேகக்குள்ள மண் நூற்றுக்கு எட்டு பத்துச் சுருங்குமே, உள்கூடு சிறிசானா சுரம் ஏறத்தான் செய்யும், அதைக் கணக்கெடுக்க மறந்துட்டன்.

ஆறாவதுக்கு போலுக்கு மேல மூணு மில்லிமீற்றர் தடிப்புக்குப் பழைய பேப்பர் சுத்திப் பெரிசாக்கிச் செய்திரிக்கன். அலுமாரிக்கு மேல காயுது. பத்து நாள் முடிய இன்னும் ஒம்பது நாள் இரிக்கி.