எண் தப்பாக வருவதைவிட வராமலே இருக்கட்டும்: ஒரு ரிப்போர்ட்டிங் சிஸ்டம் அமைத்த அனுபவம்

எங்கள் நிறுவனத்தில் ரிப்போர்ட்டிங் சிஸ்டம் என்று பெயர் இருந்ததே தவிர, அப்படி ஒன்று இல்லை. விற்பனைப் பிரிவில் யாரோ எழுதி வைத்த குவெரி (டேட்டாபேஸிடம் தரவைக் கேட்கும் கட்டளை), கணக்குப் பிரிவில் அதையே கொஞ்சம் மாற்றி ஒட்டிய இன்னொரு குவெரி, ராத்திரி க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடி மெயிலில் எக்செல் அனுப்பும் ஸ்கிரிப்டுகள், இவை எல்லாமே வாடிக்கையாளர்களின் ஆர்டர் வந்து விழும் அதே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தான் ஓடிக்கொண்டிருந்தன. மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் எடுப்பார்கள், ஆர்டர் ஸ்கிரீன் திணறும், "சர்வரைப் பெரிசாக்குங்க" என்று யாராவது சொல்வார்கள். பெரிசாக்கினார்கள். அடுத்த மாதக் கடைசியிலும் திணறியது. அதற்கப்புறம்தான் இதைப் பிரித்து ஒழுங்காக அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. எங்கே நேரம் போனதோ அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். எந்த டேஷ்போர்டு டூல் நல்லது என்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எதை எடுத்தாலும் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும்.

முதலில் பார்த்தது, உண்மையில் என்னதான் ஓடுகிறது என்பதை. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டு வைத்தால் எந்தக் குவெரி எத்தனை தடவை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் தின்றது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கொஞ்ச நாள் விட்டுப் பார்த்ததில், அதிக நேரம் தின்றவற்றில் பல ரிப்போர்ட்டுகளை யாருமே திறப்பதில்லை என்று தெரிந்தது. கேட்டால் மட்டும் "அது ரொம்ப முக்கியம், கை வைக்காதீங்க" என்பார்கள். அதனால் கேட்பதை விட்டுவிட்டு, மேலதிகாரியிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தினோம். சத்தம் வந்ததைத் திருப்பி ஓட விட்டோம், வராததை விட்டுவிட்டோம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டுக்காக எடுக்கும் ரிப்போர்ட்டுகள் இந்த முறையில் சத்தம் போடாது, அவற்றைத் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ரெப்ளிகா, அதாவது மூல டேட்டாபேஸில் (பிரைமரி) நடக்கும் மாற்றங்களை வாங்கிக்கொண்டே வேறொரு சர்வரில் ஓடும் நகல். போஸ்ட்கிரெஸில் 9.0 பதிப்பிலிருந்தே, அதாவது 2010 முதல், ஸ்டேண்ட்பை எனப்படும் இந்த நகல் சர்வரில் படிக்கும் குவெரிகளை ஓட்டலாம். ரிப்போர்ட்டுகளை அங்கே தள்ளிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தள்ளினோம். சின்ன ரிப்போர்ட்டுகள் ஜோராக ஓடின. பெரிய ரிப்போர்ட்டுகள் பாதியில் "கேன்சலிங் ஸ்டேட்மெண்ட் ட்யூ டு கான்ஃப்ளிக்ட் வித் ரெக்கவரி" என்று செத்து விழுந்தன. காரணம் இதுதான்: பிரைமரியில் வேக்யூம் என்ற துப்புரவு வேலை ஓடி, இனி யாருக்கும் வேண்டாம் என்று பழைய வரிசைகளைக் கழித்துவிடும். அந்தச் செய்தி ரெப்ளிகாவுக்கு வரும்போது, அங்கே ஒரு நீண்ட குவெரி அதே பழைய வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ரெப்ளிகா கொஞ்ச நேரம் பொறுக்கும், மேக்ஸ் ஸ்டேண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே என்ற செட்டிங்கை மாற்றாமல் விட்டால் அது 30 விநாடி, அப்புறம் குவெரியைக் கொன்றுவிட்டு முன்னேறிப் போகும்.

இதற்கு இணையத்தில் முதலில் கிடைக்கும் பதில், ஹாட் ஸ்டேண்ட்பை ஃபீட்பேக்கை ஆன் செய் என்பது. செய்தால் பிழை நிற்கும், ஆனால் சுமை பிரைமரிக்குத் திரும்பிப் போகும். "நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கழிக்காதே" என்று ரெப்ளிகா சொல்ல, பிரைமரியில் செத்த வரிசைகள் சேர்ந்து டேபிள் உப்பிக்கொண்டே போகும். யாராவது ஒருவர் ரிப்பீட்டபிள் ரீடில் (டிரான்சாக்‌ஷன் என்ற ஒரே தொகுப்பான வேலை முடியும்வரை முதலில் பார்த்த நிலையையே காட்டும் முறை) டிரான்சாக்‌ஷனைத் திறந்து ஒரு குவெரியை ஓட்டி, முடிக்காமல் வீட்டுக்குப் போனால் போதும், ராத்திரி முழுக்க உப்பும். எதற்காக ரிப்போர்ட்டைப் பிரித்தோமோ அந்தக் காரணமே அடிபட்டுப் போகிறது. கடைசியில் இரண்டு ரெப்ளிகா வைத்தோம். ஒன்று, பிரைமரி விழுந்தால் எழுந்து நிற்க மட்டும், அதில் யாரும் குவெரி ஓட்டக் கூடாது. இன்னொன்று ரிப்போர்ட்டுக்கு மட்டும், அதில் ஃபீட்பேக் கிடையாது, பொறுக்கும் நேரத்தை மட்டும் மணிக்கணக்கில் கூட்டி வைத்தோம். அது பின்தங்கும், தங்கட்டும். எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அதைத் தெரிந்துகொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரெப்ளிகாவில் கடைசியாக ரீப்ளே ஆன, அதாவது ஏறி முடிந்த, டிரான்சாக்‌ஷனின் நேரத்தைப் பார்த்தால், பிரைமரியில் யாரும் எதுவும் எழுதாத நேரத்தில் ரெப்ளிகா ஏதோ மணிக்கணக்கில் பின்தங்கியது போலக் காட்டும், ராத்திரியில் அலெர்ட் கத்தும். பிரைமரியில் ஒரு குட்டி டேபிள் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை அதில் நேரத்தை எழுதி, ரெப்ளிகாவில் அதைப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

ரெப்ளிகாவிலிருந்து தனி ரிப்போர்ட் டேட்டாபேஸுக்கு, புதிதாக மாறியவற்றை மட்டும் இழுத்துக்கொள்ளும் பகுதிதான் என்னை அதிகம் படுத்தியது. வழக்கமான முறை எல்லோருக்கும் தெரியும்: ஒவ்வொரு டேபிளிலும் கடைசியாக மாறிய நேரம் என்று ஒரு நெடுவரிசை இருக்கும், போன தடவை எதுவரை எடுத்தோமோ அதற்குப் பிந்தியவற்றை எடு. பார்க்கச் சரியாக இருக்கிறது. எப்போதாவது ஒன்றிரண்டு வரிசைகள் காணாமல் போயின, எந்த லாகிலும் பிழை இல்லை.

போஸ்ட்கிரெஸில் நவ் என்ற ஃபங்ஷன் டிரான்சாக்‌ஷன் ஆரம்பித்த நேரத்தைத்தான் தரும், கமிட் ஆன (முடிந்து நிலையாகப் பதிவான) நேரத்தை அல்ல. ஒரு டிரான்சாக்‌ஷன் 10:00 மணிக்கு ஆரம்பித்து 10:12க்கு கமிட் ஆகிறது என்று வையுங்கள். அது எழுதிய வரிசையில் நேரம் 10:00 என்றுதான் இருக்கும். நம்முடைய இழுப்பு 10:05க்கு ஓடுகிறது, அந்த வரிசை இன்னும் கமிட் ஆகாததால் கண்ணுக்குத் தெரியாது. "10:05 வரை எடுத்தாச்சு" என்று குறித்துக்கொண்டு அடுத்த தடவை 10:05க்குப் பிந்தியதைத் தேடும். 10:00 என்று முத்திரை குத்திய அந்த வரிசை இனி எப்போதும் வராது. பெரிய ஆர்டர்கள்தான் நீளமான டிரான்சாக்‌ஷனாக இருக்கும், ஆகவே விட்டுப் போவதும் பெரிய தொகையாகத்தான் இருக்கும்.

மருந்து எளிது. ஒவ்வொரு தடவையும் சில மணி நேரம் பின்னால் போய், ஏற்கெனவே எடுத்ததையும் சேர்த்து மறுபடி எடுக்க வேண்டும், சாவி (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) ஒன்றாக இருந்தால் பழைய வரிசையின் மேல் எழுதிவிட வேண்டும். 9.5 பதிப்பில் வந்த ஆன் கான்ஃப்ளிக்ட் இதற்குக் கச்சிதம். இதனால் இன்னொரு நன்மை, லோடு (இப்படி இழுத்து ஏற்றும் வேலை) பாதியில் செத்தாலும் பயமில்லாமல் மறுபடி ஓட்டலாம், எதுவும் இரட்டிப்பாகாது. அழிக்கப்பட்ட வரிசைகளை மட்டும் இந்த முறை பிடிக்காது, இல்லாத வரிசையில் மாறிய நேரம் எங்கே இருக்கும்? அதற்கு ராத்திரியில் இரண்டு பக்கத்துச் சாவிகளையும் ஒப்பிடும் தனி வேலை ஒன்று.

இத்தனைக்குப் பிறகும் நம்பிக்கை வரவில்லை, வரவும் கூடாது. அதனால் லோடு படிக்கும்போது ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் ஒரே டிரான்சாக்‌ஷனாகப் படித்து, அதே பார்வையிலேயே நாள்வாரியாக வரிசை எண்ணிக்கையையும் தொகைக் கூட்டலையும் எடுத்து வைக்கிறோம். அந்தந்த நேரத்தில் தனியாக எண்ணினால் மூலம் ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கு ஒருநாளும் ஒட்டாது. லோடு முடிந்ததும் ரிப்போர்ட் பக்கத்தில் அதே கூட்டலைப் போட்டு ஒப்பிடுகிறோம். ஒட்டவில்லை என்றால் ரிப்போர்ட் வெளியே போகாது.

இந்த ஒரு விதிக்குத்தான் அதிகம் சண்டை போட்டேன். "பத்து மணிக்கு மீட்டிங் இருக்கு, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்க" என்று ஒரு மேலாளர் சொன்னார். "சார், நேத்து ராத்திரி வரைக்கும் சரிபார்த்தது இருக்கு, அதை அனுப்புறேன், மேலேயே நேரம் போட்டிருக்கும்" என்றேன். முகம் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எல்லா ரிப்போர்ட்டிலும் தலைப்புக்குக் கீழே முதல் வரி, இந்த எண்கள் எந்த நேரம் வரையிலானவை என்பதுதான். தாமதமாக வரும் ரிப்போர்ட்டுக்குத் திட்டு ஒருமுறைதான் விழும். ஒருமுறை தப்பான எண் போய்விட்டால் அதற்கப்புறம் சரியான எண்ணையும் ஆளுக்கொரு எக்செல் வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், பழைய கதைக்கே திரும்பிவிடும்.

எக்செல் என்றதும் ஞாபகம் வருகிறது. அது 15 இலக்கத்துக்கு மேல் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. 16 இலக்கக் கணக்கு எண்ணை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) அனுப்பித் திறந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் மாயம். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைக்கு மேல் கொள்ளாது, மீதி வெட்டுப்படும்போது வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே அழுத்துபவர்கள்தான் அதிகம். நெடுவரிசை வகையை நாமே எழுத்து என்று குறித்து எக்செல் கோப்பாகவே தயாரித்து அனுப்புவது நல்லது.

விற்பனைப் பிரிவு ஆர்டர் தேதியை வைத்துக் கூட்டும், கணக்குப் பிரிவு இன்வாய்ஸ் தேதியை வைத்துக் கூட்டும். இரண்டும் சரி, இரண்டும் ஒட்டாது. ஒன்றைத் தூக்கிவிடப் பார்ப்பது வீண் வேலை, இரண்டையும் முழுப் பெயரோடு அருகருகே வைத்துவிட்டோம். நேரமும் அப்படித்தான்: டேபிளில் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கட்டும், நாள் எங்கே முடிகிறது என்பதை ஒரே ஒரு வியூவில் (டேபிள் போலவே பயன்படும், சேமித்து வைத்த குவெரி) தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு குவெரியிலும் தனித்தனியாக மாற்றினால் நள்ளிரவை ஒட்டிய ஆர்டர்கள் ஒரு ரிப்போர்ட்டில் இன்றும் இன்னொன்றில் நாளையுமாக இருக்கும்.

ஓட ஆரம்பித்த பிறகு அதைக் காப்பாற்றுவதில் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. குவெரிகள் எல்லாம் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) இருக்கின்றன. ரிப்போர்ட் யூசருக்குப் படிக்க மட்டும் அனுமதி, ஸ்டேட்மெண்ட் டைம்அவுட் (ஒரு குவெரி ஓடக்கூடிய அதிகபட்ச நேரம்) ரோல் மட்டத்திலேயே, அதாவது அந்த யூசருக்கே, போட்டாயிற்று. அலெர்ட்டை மட்டும் கொஞ்சம் யோசித்து வைக்க வேண்டும். பிழை வந்தால் மெயில் அனுப்பு என்பது போதாது. க்ரானே ஓடவில்லை என்றால் பிழையும் வராது, மெயிலும் வராது, எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும். குறித்த நேரத்துக்குள் "முடிந்தது" என்ற செய்தி வராவிட்டால் கத்தும்படி, வேறொரு சர்வரில் வைத்திருக்கிறோம்.

அப்ளிகேஷன் எழுதும் குழு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டு எங்களிடம் சொல்லாமல் ரிலீஸ் செய்வது வழக்கமாக இருந்தது. சொல்லுங்கள் என்று எத்தனை மெயில் போட்டாலும் பயனில்லை. இப்போது எங்கள் வியூக்கள் எல்லாவற்றையும் அவர்களுடைய ரிலீஸ் சோதனையிலேயே சேர்த்துவிட்டோம், பெயர் மாறினால் அவர்களுடைய பில்டுதான் உடையும். மறுநாளே அழைப்பு வந்தது, "அண்ணா, இந்த வியூ எதுக்கு?" என்று.

இன்னும் முடியாமல் இருப்பது பின்தேதி போட்ட பதிவுகள். மூடிய மாதத்துக்குள் யாராவது ஒரு கிரெடிட் நோட்டை (வாடிக்கையாளரின் பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) நுழைத்தால், ஏற்கெனவே அனுப்பிய எண் மாறிவிடும். இப்போதைக்கு மாதம் மூடும் நாளன்று அந்த எண்களைத் தனி டேபிளில் உறைய வைத்து, பிறகு வரும் மாற்றங்களை வேறுபாடு என்று இன்னொரு நெடுவரிசையில் காட்டுகிறோம். கணக்குப் பிரிவு இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. விற்பனைப் பிரிவுக்கு அந்த நெடுவரிசை பிடிக்கவில்லை, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.