160 செல், 300 கிராம் லித்தியம்: பேட்டரி மேசையில் போடும் கணக்கு

புதுச்சேரி–கடலூர் சாலையில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரியைப் பழுது பார்க்கும் எங்களிடம், வண்டிக்காரர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது இதுதான்: “அண்ணே, புகை இல்லாத வண்டின்னு வாங்கிட்டோம். லித்தியம் தோண்டுற ஊர்ல தண்ணியே இல்லாமப் போகுதாமே, நெசமா?” நிஜம்தான், ஒரு பகுதி. இன்னொரு பகுதி நெய்வேலியில் இருக்கிறது. மீதி எங்கள் மேசை மேல் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் அளவு. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 32700 என்ற அளவுள்ள உருளை செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஏ.ஹெச். (ஆம்பியர் அவர்). எட்டு செல்லைப் பேரலலில் சேர்த்தால் ஒரு குழு. இருபது குழுக்களை சீரிஸில் கோத்தால் 64 வோல்ட், 48 ஏ.ஹெச். மொத்தம் 160 செல். சுமார் 3 யூனிட் பிடிக்கும். இத்தனை செல்லுக்குள்ளும் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பொடி 6 கிலோ சொச்சம். அந்தப் பொடியில் லித்தியம் 4.4 சதவீதம். எலக்ட்ரோலைட்டில் இருக்கும் கொஞ்சத்தையும் சேர்த்தாலும் 300 கிராமுக்குள் அடங்கிவிடும். சந்தையில் விற்கும் லித்தியம் கார்பனேட் கணக்கில் சொன்னால் 1.6 கிலோ. 40 யூனிட் கார் என்றால் இதைப்போல் பதின்மூன்று மடங்கு.

இந்த 300 கிராம் இரண்டு வழியில் வரும். ஒன்று சிலியின் அட்டகாமா உப்புச் சமவெளி போன்ற இடங்களில் நிலத்தடி உவர்நீரிலிருந்து. மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த முறை உடனே புரியும். உவர்நீரை இறைத்து, பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி, வெயிலில் கெட்டியாக்குவது. ஒரே வித்தியாசம், மரக்காணத்தில் படியும் உப்பை வாரிக்கொண்டு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை விட்டுவிடுகிறோம். அங்கே படிகிற சாதாரண உப்பை மலையாகக் குவித்து ஒதுக்கிவிட்டு, மிஞ்சுகிற தண்ணீரைத்தான் தேடுகிறார்கள். முதலில் சோடியம் உப்பு படியும், பிறகு பொட்டாசியம், பிறகு மெக்னீசியம். ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வெயிலில் கிடந்து லித்தியம் 6 சதவீதம் வரை ஏறியதும் லாரியில் ஆலைக்குப் போகும். போரானையும் மிச்ச மெக்னீசியத்தையும் அங்கே நீக்கிவிட்டு, சோடா சாம்பல் கரைசலைச் சூடாக ஊற்றினால் லித்தியம் கார்பனேட் வெள்ளைப் பொடியாக அடியில் இறங்கும். சூடு ஏற ஏற இது குறைவாகவே கரையும். அதனால் கழுவுவதும் வெந்நீரில்தான்.

அட்டகாமாவில் ஒரு லிட்டர் உவர்நீரில் சுமார் 2 கிராம் லித்தியம். பாத்திகளில் பாதி இழப்பு என்று வைத்தால் ஒரு ஸ்கூட்டர் பேக்குக்கு 300 லிட்டர் உவர்நீர் ஆவியாகிறது. ஒரு டன் லித்தியத்துக்கு 20 லட்சம் லிட்டர் தண்ணீர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி இதே கணக்கைப் பெருக்கினால் வரும் 10 லட்சம் லிட்டரைப்போல் இரண்டு மடங்கு. அதைக் குடிநீர் என்று சொல்வது அதைவிடப் பெரிய தவறு. கடல் தண்ணீரைவிட எட்டு மடங்குக்கு மேல் உப்பு கொண்ட நீர் அது, எந்தப் பயிருக்கும் உதவாது.

அதனால் சேதம் இல்லை என்று ஆகிவிடாது. மரக்காணத்துப் பாத்தியில் நீர் வற்றினால் அதை நிரப்பக் கடல் இருக்கிறது. அட்டகாமாவில் மழை அபூர்வம். அடியில் உள்ளது மிக மெதுவாகச் சேர்ந்த நீர். ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கும் நல்ல தண்ணீர், சமவெளியின் ஓரங்களில் கனமான உவர்நீரின் மேல் மிதந்து சிறு குளங்களாக நிற்கிறது. அந்தக் குளங்களை நம்பித்தான் பூநாரைகளும், லிக்கான் அந்தாய் பழங்குடி ஊர்களின் ஆடுமாடுகளும் இருக்கின்றன. நடுவில் உவர்நீர் மட்டம் இறங்கினால் ஓரத்தில் உள்ள நல்ல நீரும் உள்நோக்கி நகரும். செயற்கைக்கோள் அளவீட்டில், இறைக்கும் பகுதியில் தரைமட்டம் ஆண்டுக்கு 1 முதல் 2 செ.மீ. இறங்குவது தெரிந்திருக்கிறது. கழுவேலி ஏரிக்கரையில் பூநாரை பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைத் தூரத்து நாட்டுச் செய்தியாக ஒதுக்க மனம் வராது.

இரண்டாவது வழி பாறை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கம் இதில் பெரியது. ஸ்போடுமீன் என்ற கனிமத்தை உடைத்து, செறிவாக்கி, 1,050 டிகிரிக்கு மேல் சுட்டு, பிறகு கந்தக அமிலத்தோடு 250 டிகிரியில் மறுபடி வறுத்துக் கரைக்க வேண்டும். பெரும்பாலும் சீனாவில், நிலக்கரி எரித்து. ஒரு ஸ்கூட்டர் பேக்குக்கு 60–70 கிலோ பாறை உடைபடும். அதற்கு மேல் அகற்றும் மண் தனி. இந்த வழியில் ஒரு டன் கார்பனேட்டுக்கு ஏறத்தாழ 15 டன் கரியமில வாயு. அதாவது நம் பேக்கில் இருக்கும் 1.6 கிலோவுக்கு 24 கிலோ. உவர்நீர் வழியில் இது மூன்றில் ஒரு பங்குகூட வராது. அங்கே சூரியன் அடுப்பாக நிற்கிறது, தண்ணீர்தான் விலை. இரண்டில் எது நல்லது என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றில் நீர் போகிறது, இன்னொன்றில் புகை போகிறது.

நம் நாட்டிலும் தேடல் நடக்கிறது. ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருப்பதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அது முதற்கட்ட மதிப்பீடு; அடுத்து வந்த ஏலத்தில் போதிய ஆட்கள் வரவில்லை. இப்போதைக்கு நம் வண்டிகளின் லித்தியம் வெளியூர் மண்ணும் தண்ணீரும்தான்.

இனி நெய்வேலி. புதுச்சேரி தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை மத்திய மின் நிலையங்களிடம் வாங்குகிறது; நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரமும் அதில் உண்டு. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிளந்து மேலெழும். அதனால் பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். நிலம் கொடுத்த கிராமங்கள் நம் கடலூர் மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

ஒரு ஸ்கூட்டர், சுவர் பிளக்கில் அளந்தால், கிலோமீட்டருக்கு 35 வாட் அவர் இழுக்கும். 50,000 கி.மீ. ஓடினால் 1,750 யூனிட். இதை முழுக்கப் பழுப்பு நிலக்கரியில் எடுத்தால், யூனிட்டுக்கு ஒரு கிலோ சொச்சம் வீதம், 1.8 டன் நிலக்கரி. அந்தப் பக்கம் 70 கிலோ பாறை, இந்தப் பக்கம் 1,800 கிலோ நிலக்கரி. லித்தியச் சுரங்கத்தை மட்டும் திட்டுகிற கட்டுரைகளில் இந்த இரண்டாவது எண்ணைக் காணமுடிவதில்லை.

புகைக் கணக்கையும் போட்டுவிடலாம். லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 51 கிராம் கரியமில வாயு விடுகிறது. பெட்ரோலைத் தோண்டிச் சுத்திகரிக்கும் செலவு இதில் இல்லை. இந்தியாவின் சராசரி மின்சாரத்தில் மின்சார ஸ்கூட்டருக்கு 25 கிராம். பழுப்பு நிலக்கரியில் மட்டும் என்றால் 44 கிராம். பேட்டரியின் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 80 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், நம் பேக்கைச் செய்யவே 240 கிலோ போய்விடுகிறது. லித்தியத்தின் பங்கு அதில் பத்தில் ஒன்று, மற்றது கிராஃபைட், அலுமினியம், செல் ஆலையின் மின்சாரம். இந்தக் கடனை அடைக்க, சராசரி மின்சாரத்தில் 9,000 கி.மீ. ஓட வேண்டும். நிலக்கரியில் மட்டும் ஓடினால் 34,000 கி.மீ. வீட்டு மாடியில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் செய்பவருக்கு 5,000 போதும். வண்டியின் விளம்பரத்தில் இந்த மூன்று எண்களையும் போடச் சொல்லிச் சட்டம் வந்தால் நல்லது.

ஆக, பேக் ஆலையை விட்டு வெளியே வந்த அன்றே நீரும் பாறையும் செலவாகிவிட்டன. அதற்குப் பிறகு நம் கையில் இருப்பது, அந்த பேக் எத்தனை கி.மீ. ஓடுகிறது என்பது மட்டும். எல்எஃப்பி செல் 2,000 முறை சார்ஜ் தாங்கும். ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ. என்றாலே ஒன்றரை லட்சம் கி.மீ. தாண்ட வேண்டும். ஆனால் 20,000, 25,000 கி.மீட்டரிலேயே “பேட்டரி போச்சு” என்று மேசைக்கு வருகிறது. வந்ததில் பெரும்பாலும் செல்லின் ரசாயனம் நன்றாகத்தான் இருக்கும். செத்தது அதைச் சுற்றி இருப்பவை.

கடற்கரை ஊர்களில் முதல் எதிரி உப்புக் காற்று. செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் பலகையின் சென்சார் கனெக்டரில் பச்சை பூத்து, ஒரு கம்பி மட்டும் தவறான வோல்ட்டைக் காட்டும். பிஎம்எஸ் பயந்து மொத்தத்தையும் அணைத்துவிடும். கனெக்டரைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, காய்ந்த பிறகு டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்தால் முடிந்தது. அடுத்தது மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகள் போன்றவற்றில், கேஸ்கெட் வழியே உள்ளே போன நீர் அடியில் தங்கி நிக்கல் பட்டைகளை அரித்துவிடும். அப்படிப்பட்ட பேக்கை சார்ஜில் போடவே கூடாது. திறந்து, வடித்து, உலர்த்தி, செல்லுக்கும் உறைக்கும் நடுவே இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அதிகம் ஏமாற்றுவது குழுக்களுக்குள் வரும் ஏற்றத்தாழ்வு. எல்எஃப்பி செல்லில் 20 முதல் 90 சதவீதம் வரை சார்ஜ் இருந்தாலும் வோல்ட் 3.2–3.3க்குள்ளேயே நிற்கும். பாதி சார்ஜில் மல்டிமீட்டர் வைத்து “எல்லாம் சமம்” என்று மூடி அனுப்பிவிட்டால் அடுத்த வாரமே திரும்பி வரும். மேலே 3.4 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் உண்மை தெரியும்: பத்தொன்பது குழு 3.40ல் நிற்கும்போது ஒன்று மட்டும் 3.65ஐத் தொட்டு சார்ஜை நிறுத்திவிடும். அல்லது ஒன்று 3.33லேயே கிடக்கும். பிஎம்எஸ் தானாகச் சமன் செய்யும் ஓட்டம் வெறும் 50 முதல் 100 மில்லி ஆம்பியர். 2 ஏ.ஹெச். வித்தியாசத்தைச் சரி செய்ய 20 முதல் 40 மணி நேரம் சார்ஜரிலேயே கிடக்க வேண்டும், யாரும் விடுவதில்லை. பின்தங்கிய குழுவுக்கு மட்டும் 3.65 வோல்ட் ஒற்றை செல் சார்ஜரை 5 ஆம்பியரில் வைத்து ஏற்றிவிட்டால் அரை மணியில் சமமாகும்.

அப்படி ஏற்றியும் மறுபடி பின்தங்கினால் அந்தக் குழுவில் கெட்ட செல் இருக்கிறது. பட்டையை வெட்டி எட்டையும் பிரித்து, ஒவ்வொன்றாக 3 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை இறக்கி கொள்ளளவு பார்க்க வேண்டும். உள் தடை மீட்டரில் மற்றதைவிட இரட்டிப்பு மில்லி ஓம் காட்டுவது தனியே ஒதுங்கும். அதன் இடத்தில் புத்தம்புது செல்லைப் போடுவது தவறு. மற்ற ஏழோடு 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் பழைய செல்லைத்தான் போட வேண்டும். 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த செல்லை மெல்ல மெல்ல ஏற்றி எழுப்பப் பார்ப்பதும் ஆபத்து. உள்ளே செம்புத் தகடு கரைந்திருக்கலாம். அப்படியானால் மறுபடி சார்ஜ் ஏறும்போது அந்தச் செம்பு ஊசியாகப் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகும்.

ஒரு செல், இரண்டு செல் மாற்றினால் 158 செல் பிழைக்கிறது. இந்த வேலையைத் தடுப்பது இரண்டு. பேக் முழுவதும் பாலியூரித்தேன் ஊற்றி இறுக்கிவிடுவது. பிஎம்எஸ்ஸுக்கு மென்பொருள் பூட்டுப் போடுவது. அதிர்வு தாங்கவும் தீ பரவாமல் இருக்கவும் ஊற்றுகிறோம் என்று உற்பத்தியாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு குழுவுக்காக 160 செல்லையும் தூக்கிப் போட வைக்கும் வடிவமைப்பு, இன்னொரு 300 லிட்டர் உவர்நீரை ஆவியாக்கச் சொல்கிற வடிவமைப்பு. அதைத் திருகாணி போட்ட பெட்டியாகச் செய்ய முடியும், சிலர் செய்கிறார்கள்.

கடைசியில் ஒதுக்கிய செல்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. 2026–27 முதல் பொருள்களில் 90 சதவீதம் மீட்க வேண்டும். நிக்கல், கோபால்ட் உள்ள என்எம்சி செல்லுக்கு வாங்க ஆள் வருகிறார்கள். எல்எஃப்பியில் அந்த உலோகங்கள் இல்லை, அதனால் கிலோ விலை ஏற்றிச் செல்லும் கூலிக்கே கட்டாது. காயலான் கடைக்குப் போனால் செம்பையும் அலுமினியத்தையும் பிரித்துக்கொண்டு கறுப்புப் பொடியை வாய்க்கால் ஓரம் கொட்டிவிடுவார்கள். எலக்ட்ரோலைட்டில் உள்ள உப்பு ஈரக்காற்று பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறும். அது நுரையீரலை அரிக்கும் வாயு. சிப்காட் ஊர்களின் கிணற்றுத் தண்ணீர் பட்ட பாட்டைப் பார்த்த மாவட்டத்தில் இதை அனுமதிக்கக் கூடாது.

உப்புத் தண்ணீரில் போட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்ற பழக்கமும் இங்கே இருக்கிறது. முனைகள் அரித்து, செல் ஒழுகி, அந்தத் தண்ணீரும் விஷமாகும். ஒற்றை செல்லை ஓர் ஓம் பவர் ரெசிஸ்டரில் இணைத்து 2 வோல்ட் வரை இறக்கி, இரு முனையிலும் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு டிரம்மில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, கூரைக்குக் கீழே, சார்ஜிங் மேசைக்குத் தள்ளி வைக்க வேண்டும். வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சின்னது: பேக் மாற்றும்போது பழையதை டீலரிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீரியல் நம்பரோடு எழுத்தில் வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் வெளியே போகும் பேக் எங்கே உடைபடுகிறது என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.