அந்த 12 நொடி

வெட்டுவதுதான் என் வேலை. 36 நிமிடம் ஓடுகிற பதிவை 22 நிமிடத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் 14 நிமிடம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ராக் அண்ட் ரோல் பிறந்த கதையைச் சொன்ன அந்த எபிசோடிலும் 14 நிமிடம் போனது. அதில் 13 நிமிடம் 48 நொடியைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

மீதி 12 நொடி இதுதான். 1954 ஜூலை, மெம்பிஸ் நகரம், டபிள்யூ.எச்.பி.க்யூ. வானொலி. ட்யூயி பிலிப்ஸ் என்ற வெள்ளைக்கார அறிவிப்பாளர், இரவு நேரத்தில் கறுப்பர்களின் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தவர், அந்த ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த சாம் பிலிப்ஸ் பதிவுசெய்து கொண்டுவந்து கொடுத்த 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைச் சுழலவிடுகிறார். ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது. திரும்பத் திரும்பப் போடுகிறார். பாடிய பையனை உடனே அழைத்து வரச் சொல்கிறார். பையனோ படபடப்பில் ஒரு சினிமா தியேட்டரில் போய் உட்கார்ந்திருக்கிறான். வயது 19, பெயர் எல்விஸ் பிரெஸ்லி. வீட்டார் தேடிப்பிடித்து அனுப்பிவைக்கிறார்கள். மைக் ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்லாமலே ட்யூயி அவனிடம் பேச்சுக் கொடுக்கிறார். எந்தப் பள்ளியில் படித்தாய்? ஹ்யூம்ஸ் ஹை ஸ்கூல்.

இதுவரை எபிசோடில் இருக்கிறது. இதற்கு அடுத்து எங்கள் ஸ்கிரிப்ட் ரைட்டர் எழுதியிருந்ததும், தானே ட்ராக் பேசியிருந்ததும் இது: "ஹ்யூம்ஸ் வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளி. பாட்டைக் கேட்ட பலரும் பாடியவர் கறுப்பர் என்றே நினைத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கான பதிலில் அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நம் ஊரில் புதிதாக வந்தவரிடம் 'எந்தத் தெரு?' என்று கேட்பதில்லையா, அந்த மாதிரி."

வெட்டிவிட்டேன். படித்தபோதே இது நிற்காது என்று எனக்குத் தெரியும்.

இறுதிப் பதிவைக் கேட்டுவிட்டு அவர் என் மேசைக்கு வந்தார். கோபமெல்லாம் இல்லை. "சார், ஹ்யூம்ஸ் அப்படியே நிக்குது. எதுக்குக் கேட்டார்னே யாருக்கும் புரியாது."

"புரியலைன்னா என்னம்மா, பையன் பயந்துபோய்ப் பதில் சொல்றான், அதுவே அழகா இருக்கு."

"12 நொடிதான் சார்."

"நொடி பிரச்சனை இல்லை. கேக்கறவங்க பாட்டு கேக்க வந்திருக்காங்க. நடுவுல தெருவைக் கொண்டுவந்தா நிகழ்ச்சியே வேற பக்கம் போயிடும்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "இது அந்தப் பக்கத்துல இருந்துதானே சார் வருது" என்றார். அப்புறம் "சரி சார்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. இதைவிடப் பெரிய சண்டைகள் எங்கள் ஆபீசில் டீக்கடைக் கணக்குக்கே நடக்கும். ஆனால் இரண்டு வருடமாக அந்த "சரி சார்" என்னோடு வீட்டுக்கு வருகிறது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்றை மறைக்கவில்லை. அந்த எபிசோடின் முதல் பத்து நிமிடமும் கறுப்பர்களின் இசைதான். 1949 ஜூன் வரை 'பில்போர்டு' பத்திரிகை அவர்களுடைய இசைத்தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தலைப்பில் தனிப் பட்டியலாகப் போட்டதும், அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் அதற்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பெயர் மாற்றியதும் இருக்கிறது. பெயர் மாறினாலும் பட்டியல் தனியாகத்தான் இருந்தது என்று எங்கள் ஸ்கிரிப்ட் ரைட்டர் எழுதிய வரியைக்கூட நான் தொடவில்லை. 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை 1946-இலேயே பாடிப் பதிவுசெய்தவர் மிசிசிப்பிக்காரரான ஆர்தர் க்ரூடப் என்பதும், அவர் கைக்கு உரிய ராயல்டி வரவில்லை என்பதும் இருக்கிறது. பிக் மாமா தார்ன்டன் இருக்கிறார். 'ஹவுண்ட் டாக்' பாட்டை எல்விஸ் தொடுவதற்கு நான்கு வருடம் முன்பே, 1952-இல், உறுமலும் ஊளையுமாகப் பாடிவைத்த அந்த அம்மாவின் குரல் முழுசாக 40 நொடி ஓடும்.

கதை அப்படியொன்றும் நேர்க்கோட்டில் போவதும் இல்லை. 'ஹவுண்ட் டாக்' எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள், அப்போது ஆளுக்கு 19 வயது. எல்விஸின் முதல் இசைத்தட்டில் ஒரு பக்கம் க்ரூடப் என்றால் மறுபக்கம் பில் மன்றோவின் ப்ளூக்ராஸ் பாட்டு, சுத்தமான வெள்ளைக்கார நாட்டுப்புறம். 1940-களில் லூயி ஜோர்டானை வைத்துத் துள்ளலான பாட்டுகளாகப் பதிவுசெய்த மில்ட் கேப்ளர்தான் 1954-இல் வெள்ளைக்காரரான பில் ஹேலியை வைத்து 'ராக் அரவுண்ட் த க்ளாக்' பதிவுசெய்தார். தயாரிப்பாளர் ஒருவரே, கம்பெனியும் ஒன்றே, பாடுகிறவரின் நிறம் மட்டும் வேறு. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரே வரியில் 'திருட்டு' என்று சொல்லிவிட முடியாது என்று அவரிடம் வாதாடியிருக்கிறேன். திருட்டு என்று அவர் சொல்லவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வெட்டுவதும் இந்தக் கதைக்குப் புதிதில்லை. 1954-இல் பிக் ஜோ டர்னர் பாடிய 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' பாட்டின் முதல் வரி, படுக்கையை விட்டு எழுந்து கைமுகம் கழுவு என்று தொடங்கும். சமையலறை அதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது. அதே வருடம் பில் ஹேலி பாடியபோது படுக்கை காணாமல் போய்விட்டது. பாட்டு எடுத்த எடுப்பில் சமையலறைக்குள் நுழைந்து பாத்திரத்தை உருட்டுகிறது. பெண்ணின் உடையை ஊடுருவி வெயில் தெரிகிற வரியும் போயே போச்சு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறேன். தொழில்காரனாகச் சொல்கிறேன், வெட்டு சுத்தமாக விழுந்திருக்கிறது, தாளத்தில் பிசிறே இல்லை. யார் வானொலியில் எதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்ட வெட்டு. எனக்கும் யாரும் வெட்டச் சொல்லவில்லை. ஸ்பான்சர் கேட்கவில்லை, மேலே இருப்பவர்கள் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானே கணக்குப் போட்டேன்.

1951-இல் வந்த 'ராக்கெட் 88' இன்னொரு உதாரணம். ஐக் டர்னரின் குழு மெம்பிஸுக்குக் காரில் வருகிற வழியில் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டு, ஸ்பீக்கர் கூம்பு கிழிந்துவிட்டது. சாம் பிலிப்ஸ் அதில் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவுசெய்தார். அதனால் வந்த கரகரப்புதான் அந்தப் பாட்டின் அழகே. இசைத்தட்டில் அச்சானதோ, பாடிய சாக்சபோன்காரர் பெயரை வைத்து 'ஜாக்கி ப்ரென்ஸ்டன் அண்ட் ஹிஸ் டெல்டா கேட்ஸ்'. நான் இதைச் சுருக்கியபோது காகிதத்தை வைத்துக்கொண்டேன், ஐக் டர்னரை எடுத்துவிட்டேன். கேட்பவர்களுக்குக் காகிதம்தான் நினைவிருக்கும். இதற்கும் அவர் "சரி சார்" என்றுதான் சொன்னார். ஆனால் இந்த "சரி சார்" என்னைத் தொந்தரவு செய்வதில்லை. அதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். பெயரை எடுத்ததல்லவா பெரிய தப்பாக இருக்க வேண்டும்?

அந்த எபிசோடில் எங்களுக்கு வாய்த்த நல்ல மணிநேரம் ஒன்று உண்டு. இரவு ஒன்பது மணி வாக்கில், ஸ்டுடியோவில் நானும் அவரும் சவுண்ட் எஞ்சினியரும், ஆளுக்கொரு ஹெட்போன். 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் காசிமோ மட்டாசாவின் சின்ன ஸ்டுடியோவில் பதிவான லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ருட்டி'. அதற்கு முன்னால் ஃபேட்ஸ் டாமினோவின் 'த ஃபேட் மேன்', 1949 டிசம்பரில் பதிவானது. இரண்டிலும் ட்ரம்ஸ் வாசித்தவர் ஏர்ல் பாமர் என்ற ஒரே ஆள். ரிதம் அண்ட் ப்ளூஸில் அவர்களுக்குப் பழகிய நடை ஷஃபிள். தகிட, தகிட என்று அடியை மூன்றாகப் பிரித்துக்கொண்டு நடு எழுத்தை விழுங்கிவிட்டால் வருமே, அந்த நொண்டியடிக்கிற நடை. லிட்டில் ரிச்சர்டின் வலது கை பியானோவில் அப்படி நொண்டாது. எல்லாத் தட்டும் சமமாக, தையல் மெஷின் மாதிரி ஓடும். அந்தக் கைக்கு ஈடுகொடுக்கப் போய்த்தான் ராக் அண்ட் ரோல் தாளம் என்று பின்னாளில் பெயர் வாங்கியதைத் தான் வாசிக்கத் தொடங்கியதாக ஏர்ல் பாமரே சொல்லியிருக்கிறார்.

இதை எங்கள் ஆட்களுக்கு எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் தட்டினார். இடது கை திஸ்ரத்தில் நொண்டியது, வலது கை சதுஸ்ரத்தில் ஓடியது. ஒன்றின் மேல் ஒன்று. கொஞ்ச நேரம் இரண்டும் மோதிக்கொண்டன, பிறகு இடது கை மெல்ல மெல்ல வலது கையின் வழிக்கு வந்தது. டீ கிளாஸ் அதிர்ந்தது. எஞ்சினியர் கேட்காமலே ரெக்கார்டிங்கை அழுத்திவிட்டார். எபிசோடில் அந்த மேசைத் தாளம் அப்படியே இருக்கிறது. வந்த பாராட்டில் முக்கால்வாசி அதற்குத்தான்.

"எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"ஊர்லதான் சார்."

அந்தப் பதிலை அன்று நான் கவனிக்கவில்லை. எதை, யாரிடம் கற்றார் என்று அவர் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் "சொந்த ஊர் எதும்மா?" என்று கேட்டதும், அவர் ஊர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அது என் மனைவியின் தாய்மாமன் ஊருக்குப் பக்கம். அந்த உற்சாகத்தில், "அட, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ் ஸ்டாண்டு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது.

அப்படியென்றால் அந்த வரி எனக்காக எழுதப்பட்டதா? இந்த இடத்துக்கு வந்துதான் நான் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன். இருக்காது என்று ஒரு நாள் தோன்றும். ட்யூயி பிலிப்ஸ் கதைக்கு அந்த ஒப்பீடு தானாக வந்து விழுகிறது, அவர் இடத்தில் யார் இருந்தாலும் எழுதியிருப்பார்கள். இன்னொரு நாள் மேசையருகே அவர் என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வரும். நான் கேட்டது சொந்தக்காரர்கள் யாரையாவது தெரியுமா என்பதற்காகத்தான். எல்லோரும்தான் கேட்கிறார்கள். ட்யூயியும் கெட்ட மனிதர் இல்லை. வெள்ளைக்கார வானொலியில் கறுப்பர்களின் பாட்டை வீம்பாகப் போட்டவர், அந்தப் பையனுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டார். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1954 மே 17. தீர்ப்பு வந்துவிட்டது, கேள்வியும் அப்படியே வேலை செய்தது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒரு சாதாரண எடிட்டிங் முடிவுக்கு மெம்பிஸிலிருந்து சாட்சி கொண்டுவருவது கொஞ்சம் அதிகம்தான். அவர் இப்போது வேறு இடத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார். இதெல்லாம் அவருக்கு நினைவிருக்குமா என்பதே சந்தேகம். கேட்டுவிடலாம். ஆனால் எப்படிக் கேட்டாலும் அது இன்னொரு கேள்வியாகத்தான் போய் நிற்கும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் பழைய ஃபைல்களை வேறு ஹார்ட் டிஸ்குக்கு மாற்றும்போது அந்த எபிசோடின் ப்ராஜெக்டைத் திறந்தேன். வெட்டியதை நான் அழிப்பதில்லை, கீழே ஒரு ட்ராக்கில் மௌனமாகப் போட்டுவைப்பேன். 12 நொடியும் அங்கே இருந்தது. மூன்றாவது டேக். 'எந்தத் தெரு' என்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு எடுக்கிறார், அந்த மூச்சு நன்றாக விழுந்திருக்கிறது. முடித்ததும் ஒரு நொடி அமைதி. அதற்குப் பிறகு, அவருடைய ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் லேசாக ஏறிய என் குரல், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து:

"நல்லாருக்கும்மா. இதையே வச்சுக்கலாம். அடுத்தது."