ஊசிவால் வாத்துக்கு பொழுது விடியறதே சாயங்காலம்தான்

டிசம்பர், ஜனவரில கோடியக்கரை போயிட்டு வர்றவங்க நிறைய பேரு சொல்றது, "வாத்தெல்லாம் தூரத்துல சும்மா மெதந்துட்டு கெடக்கு, பாக்க ஒண்ணும் இல்ல". ஊசிவால் வாத்து பகல்ல அப்படித்தாங்க. அலகை முதுகு எறகுக்குள்ள சொருகிட்டு கூட்டமா கெடக்கும், ஆனா ஸ்கோப் (தொலைநோக்கி) வெச்சு பாத்தா அந்தக் கண்ணு அப்பப்ப தெறந்து தெறந்து மூடறது தெரியும். சேற்றுப் பூனைப்பருந்து ஒண்ணு தாழ்வா வந்தா போதும், மொத்தக் கூட்டமும் எழும்பி ஒரு ரவுண்டு அடிச்சுட்டுத்தான் எறங்கும். நாலா பக்கமும் மறைவில்லாத தண்ணியா பாத்து அது உக்கார்றது அதுக்காகத்தான்.

பொழுது சாயட்டும், அப்புறம் பாருங்க. இருட்டு கட்டற நேரத்துல சின்னச் சின்ன கூட்டமா கெளம்பும், உருவம் சரியா தெரியாது, றெக்கை சத்தமும் நடுவுல ஆண் வாத்தோட மெல்லிசான விசிலும்தான் கேக்கும். ராத்திரிதான் மேய்ச்சல். ஒரு அடிக்குள்ள தண்ணி இருந்தா அதுக்கு தோது, தலைகீழா கவுந்து வாலை மட்டும் மேல நட்டுக்கிட்டு அடிமண்ணை துழாவும், கழுத்து நீளம்ங்கறதால நீலச்சிறகிங்கற சின்ன வாத்துக்கு எட்டாத ஆழம் கூட இதுக்கு எட்டும். புல்லு விதை, கெழங்கு, நத்தை, வயல்ல சிந்துன நெல்லு எல்லாம் உள்ள போகும். விடியறதுக்குள்ள திரும்ப பெரிய தண்ணிக்கு.

எனக்கு உறுத்தறது இதுதான். கோடியக்கரையை 2002ல ராம்சார் லிஸ்ட்ல (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்) சேத்தாச்சு, நல்ல விஷயம், வருஷா வருஷம் ஜனவரில ஆசிய நீர்ப்பறவை கணக்கெடுப்பும் நடக்குது, ஆனா எண்றது பகல்ல, அதாவது அதுங்க தூங்கற எடத்துல. ராத்திரி சாப்பிடற எடம் பல ஊர்ல சரணாலய எல்லைக்கு வெளிய இருக்கற குளமும் வயலுமா இருக்கும், அத யாரு கணக்குல வெக்கறாங்க? படுக்கையறைக்கு மட்டும் பூட்டு போட்டுட்டு சமையக்கட்ட விட்ட மாதிரி இருக்கு.

மழையும் சேந்துக்கும். வடகிழக்கு பருவமழை நல்லா பேஞ்சா கோடியக்கரையை ஒட்டுன வேதாரண்யம் சதுப்புல உப்பு கொறையும், மழை நின்னு வெயில் ஏற ஏற தண்ணி வத்தி உப்பு கூடும், மார்ச் வாக்குல வாத்துங்க வடக்க கெளம்பிடும், சைபீரியா வரைக்கும் போற பயணம்.

போட்டோ எடுக்கறவங்களுக்கு ஒண்ணு: அக்டோபர்ல வந்து எறங்கறப்ப ஆணும் பொட்டை மாதிரியே பழுப்பா இருக்கும். அந்த சாக்லேட் தலையும் நீள வாலும் வேணும்னா டிசம்பர் கடைசில போங்க.