சிம்மத்தில் ஒரு வாலைத் தேடி

மார்ச் 27, 2025, வியாழன்

நாளை மறுநாள் அமாவாசை. நிலா இல்லாவிட்டாலும் மாடியில் என் நிழல் விழுகிறது, அப்படிப்பட்ட வானம். வானத்தின் இருட்டை 1 (மிக இருட்டு) முதல் 9 (மிக வெளிச்சம்) வரை அளக்கும் போர்ட்டில் அளவுகோலில் எங்கள் இடம் 8.

இந்த முறை குறி, சிம்ம ராசியில் பூரத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மூன்று கேலக்ஸிகள்: எம்65, எம்66, என்ஜிசி 3628. முதல் இரண்டும் 1780-லேயே பிரெஞ்சு வானியலாளர் மெசியேயின் பட்டியலில் ஏறிவிட்டன. பக்கத்திலேயே கிடந்த மூன்றாவது அதில் இல்லை. 1784-ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல்தான் அதைக் கண்டார். மெசியேயைக் குறை சொல்ல மாட்டேன். அதன் ஒளி நீளவாக்கில் இழுபட்டு, மங்கிக் கிடக்கிறது.

எனக்கு அந்த மூன்றாவதின் மேல்தான் கண். அதற்கு ஒரு வால் உண்டு. எப்போதோ பக்கத்துக் கேலக்ஸியோடு உரசியதில் பிய்ந்து நீண்ட விண்மீன் ஓடை என்கிறார்கள். நீளம் சுமார் 3 லட்சம் ஒளியாண்டு. என் 80 மி.மீ. தொலைநோக்கியில், இந்த வானத்திலிருந்து அது சிக்குமா? இன்று கருவியை மாட்டி, துருவத்துக்கு நேர்படுத்தியதோடு சரி. மேகம்.

மார்ச் 28

முதலில் மூன்று நிமிட எக்ஸ்போஷர் கொடுத்தேன். படம் முழுக்க வெளுத்துப்போய், விண்மீன்களின் நடுப்பகுதி எரிந்துவிட்டது. 60 விநாடிக்கு இறங்கினேன். வானம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கும்போது கேமராவின் சொந்த இரைச்சல் (படத்தில் விழும் புள்ளிப் பிசிறு) அதில் மூழ்கிவிடுகிறது. நீள எக்ஸ்போஷரால் ஒரு லாபமும் இல்லை. சின்னச் சின்னதாக நிறைய எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும்.

நண்பர் கொடுத்த இரட்டை நேரோபேண்ட் ஃபில்டரையும் (இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் உள்ளே விடுவது) மாட்டிப் பார்த்தேன். வானம் கறுத்தது, கேலக்ஸியும் கூடவே போனது! போகாமல் என்ன செய்யும்? தானே ஒளிரும் வாயு மேகமான நெபுலா என்றால் குறிப்பிட்ட சில நிறங்களில்தான் ஒளிரும், மற்றதை வெட்டிவிடலாம். கேலக்ஸியிலிருந்து வருவது கோடானுகோடி விண்மீன்களின் ஒளி, எல்லா நிறமும் கலந்தது. வெள்ளை எல்இடி விளக்கும் அப்படித்தான். ஒன்றை விட்டு ஒன்றை வடிகட்ட வழியில்லை. ஃபில்டரைக் கழற்றி வைத்தேன். 140 படம் தேறியது.

மார்ச் 29

210 படம். பக்கத்துக் கட்டடத்தின் ஃப்ளட்லைட் நேரே லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கிறது. கொடிக்கம்பியில் கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். இத்தனை வருடத்தில் இந்தக் கருவிக்குச் செய்த மிக நல்ல மேம்பாடு அந்தப் போர்வைதான்.

செயற்கைக்கோள் கோடுகள் பத்துப் பதினைந்து படங்களில் உண்டு. கவலையில்லை, அடுக்கும்போது ஒரே படத்தில் மட்டும் வரும் கோட்டை மென்பொருள் தானே ஒதுக்கிவிடும்.

ஏப்ரல் 13

பௌர்ணமி. வெளியே வேலையில்லை. 350 படங்களையும் சிரில் என்ற மென்பொருளில் போட்டு அடுக்கினேன். எம்66-ன் கோணலான சுருள்கை, 3628-ன் குறுக்கே ஓடும் தூசிப்பட்டை, எல்லாம் தெரிகிறது. வால்? சுத்தமாக இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல இருண்ட வானத்துக்கும் என் வானத்துக்கும் நான்கு ஒளித்தர (மேக்னிட்யூட்) வித்தியாசம் வைத்துக்கொண்டால், என் வானம் சுமார் 40 மடங்கு பிரகாசம். சராசரி வெளிச்சத்தை எளிதில் கழித்துவிடலாம். அந்த வெளிச்சம் கொண்டுவரும் இரைச்சலை மட்டும் கழிக்கவே முடியாது. படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால்தான் இரைச்சல் பாதியாகும். ஆக, அங்கே ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு இங்கே 40 மணி நேரம். நான் இதுவரை எடுத்தது அங்கே ஒன்பது நிமிடத்துக்குச் சமம். இதைக் கணக்குப் போடாமலே இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 24

150. சிம்மம் இப்போது இருட்டும்போதே உச்சியை நெருங்கிவிடுகிறது. பதினொரு மணிக்கு மேல் மேற்கே ஊர் வெளிச்சத்துக்குள் சாய்கிறது.

ஏப்ரல் 26

160. மொத்தம் 660, அதாவது 11 மணி நேரம். லென்ஸில் பனி படிந்து கடைசி அரைமணி வீண். ஹீட்டர் பட்டையைச் சுற்றியிருந்தேன், மின்வயரைச் சொருகத்தான் மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 27

எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கினேன். அப்போதும் வால் இல்லை. வெறுத்துப்போய் மூடப் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. படத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக இருப்பதைச் சரிசெய்ய, இது வெறும் வானம் என்று சில புள்ளிகளை மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அதைத் தானாகவே வைக்க விட்டிருந்தேன். 3628-க்குக் கிழக்கே, வால் இருக்க வேண்டிய இடத்திலேயே ஏழெட்டுப் புள்ளிகள்! வாலைத்தான் வானம் என்று சொல்லி நானே கழித்திருக்கிறேன், ஏப்ரல் 13-லும் இன்றும்.

அந்தப் புள்ளிகளை நீக்கி, மறுபடி கழித்து, படத்தை நெகட்டிவாக்கினேன். 3628-ன் இடப்பக்கம் லேசாக ஒரு சாம்பல் இழுப்பு.

ஆசையில் தெரிகிறதோ என்று சந்தேகம். மார்ச் படங்களைத் தனியாகவும் ஏப்ரல் படங்களைத் தனியாகவும் அடுக்கினேன். இடையில் கேமராவைக் கழற்றி வேறு கோணத்தில் மாட்டியிருந்ததால், அது தூசியோ விளக்கின் சாயலோ என்றால் விண்மீன்களோடு ஒப்பிடும்போது இடம் மாறியிருக்கும். இரண்டிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஏப்ரலில் மட்டும் நீளம் குறைவு.

மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, ஸ்கிரீன்ல என்னமோ கறை" என்று துப்பட்டா நுனியால் துடைத்தாள். கறை அங்கேயேதான் இருந்தது.

வாலின் நுனிப்பக்கம் இன்னும் நம்பும்படி இல்லை. நிலா பெரிதாவதற்குள் மூன்று இரவு கிடைத்தால் இன்னும் 300 படம் சேர்க்கலாம். ஹீட்டர் வயரைக் கருவியோடு சேர்த்தே டேப் போட்டு ஒட்டிவிட்டேன்.